ஊரா, கொழும்பா, வெளிநாடா, கெசட்டா?

வேலை போன முதல் வாரத்தில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எனக்கு அது 2022 நடுப்பகுதியில் நடந்தது. எரிபொருளுக்கு ஊர் முழுக்க வரிசை கிடந்த காலம். நான் வேலை பார்த்த கட்டட ஒப்பந்தக் கம்பனி, சீமெந்து விலை கைமீறியதும் மட்டக்களப்பு வேலைத்தளத்தை இழுத்து மூடிவிட்டது. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் பகல் பத்து மணிக்கு நான் நிற்பதைக் கண்ட முன்வீட்டுப் பெரியம்மா, "என்ன மகன், இண்டைக்கு லீவா?" என்று கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

மாமா கட்டாரைச் சொன்னார். அத்தை அரச வேலை அறிவித்தல்கள் வரும் கெசட்டைப் பார்க்கச் சொன்னார். வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்த கூட்டாளி, "கொழும்புக்கு வா மச்சான், இஞ்ச ஆள் இல்லாமக் கிடக்கு" என்றான். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா சோறு போடும்போது எனக்குச் சொன்னார்.

நாலும் நடக்கக்கூடிய வழிகள்தான். ஆனால் நாங்கள் அவற்றை ஒப்பிடும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் எப்போதும் வெளிநாடுதான் முதலாவதாக வரும், ஊர் கடைசியாக வரும். நாலில் இரண்டை நானே நடந்து பார்த்தேன். மற்ற இரண்டில் போனவர்களை வீட்டுக்குள்ளேயே கண்டேன். அதற்குப் பிறகு யாராவது வந்து கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: இது சரிவராவிட்டால் கிறுகி வர, அதாவது திரும்பி வர, எவ்வளவு செலவாகும்? காசாகவும், வயதாகவும், வீட்டு நகையாகவும்.

வழிகளுக்குப் போக முன்னம் கையில் எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள். பதற்றத்தில் எடுக்கிற முடிவு எல்லாம் காசு முடிகிற தேதியை ஒட்டித்தான் வருகிறது. எங்கள் நாட்டில் வேலை இழந்தவருக்கு மாதாமாதம் வரும் காப்புறுதி ஒன்றும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியத்தில் (ஈ.பி.எஃப்.) உங்களிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமுமாகச் சேர்ந்த காசை பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்கலாம். அதை நம்பி இன்றைய அரிசிக்குக் கணக்குப் போட முடியாது. ஆனால் பலர் மறந்துவிடுகிற ஒன்று ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈ.டி.எஃப்.). முதலாளி தன் பங்காக 3 வீதம் கட்டியிருப்பார். வேலை விட்டதும் அதை எடுக்கலாம், ஒருதரம் எடுத்தால் அடுத்த தரத்துக்கு 5 வருடம் பொறுக்க வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கடன்காரர் வீட்டுக்குப் போக முன்னம் இந்த இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

சேவைச் சான்றிதழையும் அந்த வாரமே வாங்கிவிட வேண்டும். நான் வாங்கவில்லை. மூடுகிற கம்பனியில் கடிதம் கேட்பது மரணவீட்டில் கடன் கேட்பது மாதிரி இருந்தது. மறுகா ஐந்து மாதம் அலைந்தேன். மனேஜர் வேறு கம்பனிக்குப் போய்விட்டார், கடிதத் தலைப்புத் தாள் யாரிடம் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை.

சரி, முதலில் ஊர்.

மட்டக்களப்பு, அம்பாறையில் வேலை இல்லை என்பது பாதிதான் உண்மை. சம்பளம் குறைந்த வேலை நிறைய இருக்கிறது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் கடைகள், சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகள், மருதமுனையில் நெசவு, மட்டக்களப்பு டவுனில் சூப்பர் மார்க்கெட்டுகளும் நிதிக் கம்பனிகளும், பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல்கள், ஊருக்குள்ளேயே பஸ் விட்டு ஆள் ஏற்றும் தையல் ஆலைகள். சட்டப்படி ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது, 2026 ஜனவரியில் 30,000. அதற்குக் குறைவாக "பழகும் வரைக்கும்" என்று யாராவது சொன்னால் அது அவர் போடுகிற சட்டம், நாட்டுச் சட்டம் இல்லை.

ஊர் வேலைகளிலும் ஒன்று மற்றது போல இல்லை. கடை வேலையில் ஏறுவதற்குப் படி குறைவு, ஆனால் முதலாளி வீட்டு நல்லது கெட்டதுக்கு லீவு தருவார். தையல் ஆலையில் வரவுக் கொடுப்பனவு, சாப்பாடு, பஸ் என்று சம்பளத்துக்கு மேலே ஏதாவது இருக்கும், சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுவார்கள். அங்கே போகிற பிள்ளைகளைப் பற்றி ஊரில் பேசுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. பேசுகிறவர்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டப் போவதில்லை. ஹோட்டல் வேலை பருவத்தைப் பொறுத்தது. பாசிக்குடா சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை, அறுகம்பை வைகாசியில் இருந்து ஐப்பசி வரை கலகலப்பாக இருக்கும். மாரி வந்தால் அறைகள் காலியாகிவிடும். அதனால் அங்கே நேர்முகத்துக்குப் போகிறவர் அடிப்படைச் சம்பளத்தோடு சேவிஸ் சார்ஜ் எப்படிப் பங்கு போடுகிறார்கள், மாரி மாதங்களில் சம்பளம் முழுதாக வருமா என்று இரண்டையும் கேட்க வேண்டும். கேட்டால் கோபிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தத் துறையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

நான் விழுந்த குழியையும் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் ஒரு நிதிக் கம்பனியில் "மார்க்கெட்டிங்" வேலை. டை கட்டி, சொந்த மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். சம்பளம் என்று சொன்னது டார்கெட் அடித்தால்தான். அடிக்காத மாதம் பெற்றோல் காசு மட்டும். முதல் மாதம் அத்தை ஒரு கணக்குத் திறந்தார், இரண்டாம் மாதம் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூன்று பேர். மூன்றாம் மாதம் என்னைக் கண்டதும் சொந்தக்காரர் வளவுக்குப் பின்னால் போகத் தொடங்கினார்கள். நல்ல விற்பனைக்காரருக்கு அது நல்ல வேலையாக இருக்கலாம். ஆனால் சேரும்போதே "டார்கெட் இல்லாத மாதம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். இதோடு ஆள் சேர்த்தால் காசு என்கிற திட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரமிட் திட்டம் வங்கிச் சட்டப்படி குற்றம். அதில் உங்களைச் சேர்க்க வருகிறவரும் அனேகமாக உங்களைப் போல வேலை இல்லாதவர்தான்.

இவ்வளவு குறை சொன்னாலும் ஊர் வேலையில் இருந்து கிறுகி வர ஒரு செலவும் இல்லை. ஒரு மாத முன்னறிவித்தல், அவ்வளவுதான்.

கொழும்புக்கு வருவோம். அங்கே சம்பளம் கூட என்பது உண்மை. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது கூடவா என்பது வேறு கதை. நான் போன புதிதில் கொப்பியில் எழுதிப் பார்த்த கணக்கை இன்றைய விலைக்கு மாற்றித் தருகிறேன். 60,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். சேமலாப நிதிக்கு 8 வீதம், 4,800 போனால் 55,200. போடிங் பகிர்ந்து இருந்தாலும் 13,000. காலையில் பணிசும் பிளேன்ரீயும், பகல் சோற்றுப் பார்சல், இரவு இடியப்பம் என்று நாளைக்கு 900 வைத்தால் மாதம் 27,000. பஸ், போன், சவர்க்காரம் எல்லாம் சேர்த்து 6,000. மாதத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்துபோக, வெறுங்கையோடு வர முடியாதே, 4,000. மிச்சம் 5,200. இதையே கல்முனைக் கடையில் 35,000க்கு வேலை செய்து, சாப்பாட்டை வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போனால், 2,800 சேமலாப நிதி, 5,000 போக்குவரத்துப் போக 27,200. வீட்டுச் செலவுக்கு அதில் 15,000 கொடுத்தாலும் 12,200 மிச்சம்.

அப்படியானால் ஏன் கொழும்புக்குப் போவது? நான் போனேன், பதினாலு மாதம் இருந்தேன், வருத்தப்படவில்லை. காரணம் அந்த 5,200 இல்லை. முதலாவது, சிங்களம். ஊரில் பத்து வருடம் புத்தகத்தில் படித்தும் வராதது, புறக்கோட்டையில் லொறிச் சாரதிகளிடம் பில்லுக்குச் சண்டை பிடித்து மூன்று மாதத்தில் வந்தது. இரண்டாவது, அங்கே ஒரு கம்பனி எப்படி ஸ்டொக் பார்க்கிறது, எப்படி ஓடர் போடுகிறது என்று கண்டது. இன்று மட்டக்களப்பு டவுனில் கட்டடப் பொருள் விற்கும் இடத்தில் எனக்கு இருக்கிற வேலை, கொழும்பு சப்ளையர்களோடு சிங்களத்தில் பேசத் தெரிந்ததால் கிடைத்தது. ஆகவே கொழும்பு, சம்பளத்தோடு ஏதாவது கற்றுத்தரும் வேலைக்குப் போனால் லாபம். செக்கியூரிட்டி உடுப்பைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு கேட்டில் நிற்கப் போனால் ஊரே மேல். ஒரு வருடத்தில் சம்பளமும் ஏறவில்லை, கைக்குத் தொழிலும் வரவில்லை என்றால் இரவு ரயில் ஏறிவிடுங்கள். கொழும்பில் இருந்து கிறுகி வர ஒரு டிக்கெட்டும் ஒரு போடிங் அட்வான்ஸும் போகும். தாங்கக்கூடிய நட்டம்.

வெளிநாடு அப்படியில்லை. அதனால்தான் இதற்கு அதிக இடம் எடுக்கிறேன்.

என் மனைவியின் தம்பி ஆரையம்பதியில் இருக்கிறான். உயர்தரம் எடுத்துவிட்டு நாலு வருடம் வீட்டு வயரிங் செய்யும் ஒருவரோடு வேலை செய்தான். கையில் நல்ல வேலை இருக்கிறது, பேப்பர் ஒன்றும் இல்லை. போன வருடம் அந்த ஆளுக்கு வேலை குறைந்தது, தம்பியை நிறுத்திவிட்டார். இரண்டு கிழமைக்குள் ஒரு சப் ஏஜென்ட் வீடு தேடி வந்துவிட்டார். கட்டாரில் எலக்ட்ரீஷியன் வேலை, 1,800 ரியால், நாலரை லட்சம் கட்ட வேண்டும், "மற்றதெல்லாம் நான் பார்க்கிறன்". மாமி நகையை எடுத்து மேசையில் வைத்தும்விட்டார். மீதிக்கு வட்டிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து அந்தப் பிளாஸ்டிக் பைலைத் திறந்து பார்த்தோம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தம்பி நேரே சம்பளத்தைத் தேடினான். நான் பதவி என்ற கட்டத்தைத் தேடினேன். அதில் எலக்ட்ரீஷியன் என்று இல்லை, லேபர் என்று இருந்தது. சம்பளம் 1,000 ரியால். கட்டாரில் 2021ல் இருந்து சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளமே அதுதான். 1,800 என்பது அந்த மனிசன் வாயில் மட்டும் இருந்த தொகை.

பிறகு கணக்குப் போட்டோம். நாலரை லட்சம் முழுவதும் மாதம் 5 வீத வட்டிக்கு என்றால் முதல் மாத வட்டியே 22,500. 1,000 ரியால் எங்கள் காசுக்கு 80,000 சொச்சம். சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் கம்பனி பார்த்து, அவன் மிச்சம் பிடித்து மாதம் 60,000 அனுப்பினாலும், கடன் தீரப் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் வீட்டுக்கு ஒரு சதம் வராது. நடுவில் காய்ச்சல் வந்தாலோ, கம்பனி சம்பளத்தைப் பிந்தினாலோ, திரும்பி வர முடியாது. வேலை பிடிக்காதவர் அங்கேயே இருப்பதற்கும், கம்பனியை விட்டு ஓடி விசா இல்லாமல் திரிவதற்கும் பெரும்பாலும் இந்தக் கடன்தான் காரணம்.

பெண்களுக்கு இது தலைகீழாக நடக்கும். வீட்டு வேலைக்குப் போக அவர்களிடம் காசு கேட்க மாட்டார்கள், வீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கூட்டிப் போவார்கள். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அங்கே போய்ச் சரிவராமல் திரும்பி வர நினைத்தால் அந்தக் காசைக் கட்டச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆக, அதுவும் கடன்தான். பெயர் மட்டும் வேறு.

இதற்காக வெளிநாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்று கல்வீடு ரியாலில்தான் எழும்பியது. போகிறவர் சிலதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் ஏஜென்சிக்கு இருக்கிறதா என்பதோடு, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்றும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உரிமம் உள்ள ஏஜென்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உரிமம் இல்லாத ஆள் காசு வாங்குவதுதான் வழக்கமான கதை. பற்றுச்சீட்டு ஏஜென்சி பெயரில் இல்லை என்றால் காசு கைமாறக் கூடாது. "விசிட் விசாவில் போ, அங்க போய் மாத்தலாம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். 2022ல் விசிட் விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் கதை செய்திகளில் வந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போன பொடியன்மார் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் மாட்டியது அதற்குப் பிறகு. கொரியாவுக்கு அரசுகளுக்கு இடையிலான வேலைத் திட்டத்தில் போக வேண்டுமென்றால் மொழிப் பரீட்சை எழுதிப் பணியகம் வழியாகத்தான் போகலாம். அதில் இடம் எடுத்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அவர் காற்றை விற்கிறார்.

தம்பி விஷயத்தில் நான் சொன்னது, போகாதே என்றில்லை, பேப்பரோடு போ என்று. தொழில் தெரிந்தவருக்கு முன்அனுபவத்தை அங்கீகரித்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் முறை ஒன்று இருக்கிறது. மேசன், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர் என்று எங்கள் ஊரில் கையால் வேலை பழகியவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது. வகுப்பில் மாதக்கணக்கில் இருக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். தொழில்பயிற்சி அதிகாரசபையிலோ, நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரிக்கலாம். தம்பி ஒரு கிழமை ஓடித்திரிந்தான். வயரிங் செய்த வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்தான், வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கினான், பழைய மாஸ்டரிடமும் போனான். வேலையில் இருந்து நிறுத்தியவர், கடிதம் கேட்டதும் சங்கடத்தில் ஒன்றுக்கு இரண்டாக எழுதிக் கொடுத்தார்.

தொழில் ஒன்றும் தெரியாதவருக்கும் இதே இடங்கள்தான். அரச நிறுவனங்களில் பல பயிற்சிநெறிகளுக்குக் கட்டணம் இல்லை. தனியார் இடத்தில் "டிப்ளோமா" என்று பெரிய பணம் கேட்டால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, அந்தப் பயிற்சிநெறிக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிறுவனம் பதிவு என்பதால் எல்லாப் பயிற்சிநெறியும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. பயிற்சியில் கிறுகி வருகிற செலவு ஆறு மாதமோ ஒரு வருடமோதான். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேறு ஒருவர் உழைக்க வேண்டும். அது இல்லாதவருக்குப் பகலில் வேலை, சனி ஞாயிறில் வகுப்பு.

இனி கெசட். இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, அரச நியமனம் வரும் என்று இருந்து இருந்தே முப்பதைத் தாண்டியவர்கள் என் வயதுக்காரர். 2017ல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்கள். 2020ல் பட்டதாரிப் பயிலுனர்களாக எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். இருந்தாலும் போனார்கள். ஓய்வூதியம், மாற்றம் கேட்கும் உரிமை, கல்யாணச் சந்தையில் விலை, இவை எல்லாம் தனியார் வேலையில் இல்லை. அதனால் அத்தையின் யோசனை பிழையில்லை.

பிழை, காத்திருப்பதையே வேலையாக்குவது. கெசட்டுக்குக் காத்திருப்பவருக்குச் செலவே இல்லை என்று தோன்றும், கடன் இல்லை, டிக்கெட் இல்லை. ஆனால் அங்கே போவது வயது. ஒவ்வொரு அறிவித்தலிலும் ஒரு வயதெல்லை இருக்கிறது. 28ல் எழுதி, முடிவு வந்து, நேர்முகம் வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று தெரியும்போது 30 ஆகியிருக்கும். அந்த நேரம் தனியார் கம்பனி கேட்கும், "இவ்வளவு காலம் என்ன செய்தீங்க?" அதற்குப் பதில் இருக்காது. வேலை ஒன்றில் இருந்துகொண்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைதான் வர்த்தமானி வரும், தமிழிலும் இணையத்தில் கிடைக்கும். வாரத்துக்கு அரை மணித்தியாலம் போதும். நுண்ணறிவு, பொது அறிவுப் பழைய வினாத்தாள்களை இரவில் ஒரு மணித்தியாலம் செய்தால், பகல் முழுக்க வீட்டில் படிக்கிறேன் என்று போனோடு இருப்பவரை விட மேலாக எழுதலாம். எம்.பி.யின் கடிதத்தை நம்பி அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

சுயதொழிலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது தனிக் கட்டுரை. ஒன்று மட்டும்: வேலை போன பதற்றத்தில் நுண்கடன் எடுத்துக் கடை போடாதீர்கள். வாரக் கட்டணம் முதல் வாரமே தொடங்கிவிடும், வியாபாரம் அப்படித் தொடங்காது. இந்த மாவட்டத்தில் அதன் கதையைச் சொல்ல ஒவ்வொரு கிராமத்திலும் நாலு பெண்கள் இருக்கிறார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் விண்ணப்பம் எழுதத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி வேலைகள் பேப்பரில் வருவதில்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், அல்லது யாராவது விட்டுப் போகும்போது "ஆள் இருந்தாச் சொல்லுங்க" என்று வாயால் வரும். பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்துக்கென்று ஒரு உத்தியோகத்தர் இருப்பார். பதிவது இலவசம், தொழிற்சந்தை நடந்தால் தகவல் வரும். என் முதல் சுயவிபரக்கோவையை ஒரு கொம்யூனிகேஷன் கடையில் அடித்தேன். அந்தப் பிள்ளை யாரோ ஒருவருடையதைத் திறந்து பெயரையும் முகவரியையும் மாற்றிக் கொடுத்திருக்கிறது. கொழும்பில் நேர்முகத்தில் இருந்தவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "முத்திரை சேகரிக்கிறீங்களோ? எந்த நாட்டு முத்திரை?" என்று ஆசையாகக் கேட்டார். அவரும் சேகரிப்பவராம். நான் முழுசினேன். அந்த வேலை கிடைக்கவில்லை. நீங்கள் ஒரே பக்கத்தில், உங்கள் கையாலேயே எழுதி, அடித்துத் தந்ததைத் திருப்பி வாசியுங்கள். போனில் படம் பிடித்த தாளை அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். கொழும்புக்கு ஆங்கிலத்தில், ஊர்க் கடைக்குத் தமிழில். தெரியாத இலக்கத்தில் இருந்து கோல் வந்தால் எடுங்கள். வேலை தேடுகிறவர் "தெரியாத நம்பர் எடுக்கிறல்ல" என்று இருக்க முடியாது.

இப்போது யாராவது வந்து கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். வீட்டில் மூன்று மாதத்துக்குக் குறைவாகக் காசு இருந்தால் முதலில் ஊரில் கிடைப்பது, சம்பளத்தைப் பார்க்காமல். அதில் இருந்துகொண்டு தொழிலுக்கு ஒரு பேப்பர். கெசட் பக்கத்தில் ஓடட்டும். பொறுப்பு இல்லாத வயது, மொழி பழக வேண்டும் என்றால் கொழும்பு, ஒரு வருடத் தவணையோடு. வெளிநாடு கடைசியில், தொழிற் சான்றிதழோடும், முடிந்தால் கடன் இல்லாமலும். சிறு பிள்ளைகளோடு தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இந்த வரிசை பொருந்தாமல் போகலாம். அவருக்குப் பக்கத்தில் பஸ் வரும் தையல் ஆலையோ, தெரு முனைக் கடையோ எல்லாவற்றையும் விடப் பெரிது.

தம்பி கட்டார் பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடவுச்சீட்டை வாங்கி எடுக்கத்தான் மூன்று தரம் நடந்தான். நகை மறுபடி அலுமாரிக்குள் போனது. இப்போது கல்லடியில் ஒரு மின்சாதனக் கடையில் 36,000க்கு நிற்கிறான், ஞாயிறுகளில் சின்னச் சின்ன வயரிங். என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். போன கிழமை எலக்ட்ரீஷியன் பதவிக்கு ஒரு அறிவித்தல் வந்திருந்தது. மத்தியானம் தபால் கந்தோரில் இருந்து கோல் எடுத்தான்.

"அத்தான், என்வலப்பில இடப்பக்க மேல் மூலையில பதவிட பேர எழுதச் சொல்லியிருக்கு. எலக்ட்ரீஷியன் எண்டு மட்டும் போட்டாக் காணுமா?"

"கெசட்டில இருக்கிறதப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுது" என்றேன். "பதிவுத் தபால்ல போடு. பற்றுச்சீட்ட எங்கயும் விட்டுடாத."

"கடை லஞ்ச் டைம் முடியப் போகுது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டான்.